இரண்டாவது முகவரி

"அண்ணாத்த, உன் அக்கவுண்ட்டுல இன்னொருத்தன் குடியிருக்கான்."

திருப்போரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் ஜெகதீசன் திரையைத் திருப்பிக் காட்டினான். வேலை தேடித் தரும் இணையதளத்தில் சின்னையனின் பெயருக்குக் கீழே இரண்டு இமெயில் முகவரிகள் இருந்தன. ஒன்று அவருடையது. மற்றது யாருடையது என்று அவருக்குத் தெரியவில்லை.

"எவன்பா அவன்?"

"அது தெரிஞ்சா நான் இன்னாத்துக்கு சென்டர் வெச்சிகினு கீறேன்? போலீஸ்ல சேர்ந்திருப்பேன். போன வருஷம் ஆகஸ்ட்டுல உள்ள பூந்துகீறான்."

சின்னையனுக்கு வியர்த்தது. மாமல்லபுரம் பக்கம் கடற்கரை ஓட்டல் ஒன்றில் தோட்ட வேலைக்கு எழுதிப் போட்டிருந்தார். மாதச் சம்பளம், மர நிழல், தலையில் சுமை கிடையாது. மனை மனையாகச் செங்கல் இறக்கி இறக்கி அவருடைய முட்டி இரண்டும் எண்ணெய் காணாத கதவு மாதிரி கத்திக்கொண்டிருந்தன. ஆர்டர் இமெயிலில் வரும், இன்று ஐந்து மணிக்குள் சம்மதம் சொல்லியாக வேண்டும் என்று ஓட்டலில் முன்பே சொல்லியிருந்தார்கள்.

போன வருஷம் ஜூலையிலும் இப்படி ஓர் ஆர்டர் வந்தது. நாற்பத்தொன்பது வயதில் இரவுப் பள்ளியில் எழுத்துக் கற்றவர் சின்னையன். கடிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்துக் கடைசி வரிக்கு வந்து சேர அவருக்கு மூன்று நாள் ஆனது. கடைசி வரியில், 'இரண்டு நாட்களுக்குள் பதில் தரவும்' என்று இருந்தது.

"பாஸ்வேர்டு யாருக்குனா சொன்னியா?" என்றான் ஜெகதீசன்.

"எங்க வூட்டு நாய்க்குக்கூட சொல்லல. மறந்துடும்னு அரிசி டிரம்மு மூடில எழுதி வெச்சிகீறேன். அதப் படிக்க எங்க வூட்டுல யாரு கீறா?"

பக்கத்துப் பெஞ்சைப் பார்த்துச் சிரித்தார். அங்கே அவர் மனைவி சாராள், மகள் வாங்கித் தந்த போனில் சபைப் பாட்டு கேட்டபடி இருந்தாள். கல்யாணத்தன்று சர்ச் ரிஜிஸ்தரில் சின்னையன் கட்டை விரலை உருட்டியதும், பாஸ்டர் நீட்டிய பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தானும் விரலை உருட்டியவள். நாலு வருஷமாக அவளுக்கு 'அ' சொல்லிக் கொடுக்கிறார் சின்னையன். சுழி மட்டும் வரவே மாட்டேன் என்கிறது.

"அவனத் தூக்கிரலாமா?"

"தூக்கு."

ஜெகதீசன் அந்த முகவரியை நீக்கினான். டீ வந்தது. டம்ளர் பாதியாவதற்குள் அதே முகவரி அதே இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது.

"நீக்குனா அந்தாளுக்கும் தகவல் போவும் அண்ணாத்த. 'நான் நீக்கல'ன்னு அமுக்கிட்டான். திரும்ப வந்துட்டான்."

மறுபடி நீக்கினான். இந்த முறை டீ டம்ளரைக் கீழே வைக்கக்கூட நேரம் தரவில்லை.

"இவனுக்கு வேற வேலவெட்டியே இல்லியா? இதையே பாத்துகினு கீறான்?"

சாராள் காதிலிருந்த ஒயரைக் கழற்றிச் சுருட்டிப் பையில் போட்டாள்.

"வுட்டுடேன்யா. அவன் பாட்டுக்கு ஒரு மூலைல இருந்துட்டுப் போறான். உனக்கு இன்னா பேஜாரு?"

"இதெல்லாம் படிச்சவன் சமாச்சாரம். நீ பாட்டு கேளு."

அதற்குள் ஜெகதீசன் ஓட்டல்காரர்களின் கடிதத்தைத் திறந்திருந்தான்.

"அண்ணாத்த, ஆர்டரு நேத்தே வந்துகீது. காலைல எட்டு மணிக்கு சம்மதம்னு பதிலும் போயிகீது. சட்டை நாப்பத்திரெண்டு, செருப்பு எட்டாம் நம்பரு. முட்டி வலி கீது, ஏணி ஏறச் சொல்லாதீங்கன்னு வேற எழுதிகீறான்."

"என் செருப்பு நம்பரு எனக்கே தெரியாதேபா."

வேலை கிடைத்ததா, திருட்டுப் போனதா என்று சின்னையனுக்கு விளங்கவில்லை. நாளைக்குத் தன் பெயரில் வேறொருவன் போய் எட்டாம் நம்பர் செருப்போடு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தால் என்ன செய்வது?

"நவுரு. அவனுக்கு நானே எழுதுறேன்."

ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடித் தட்டினார். ஒவ்வோர் எழுத்துக்கும் உதடு அசைந்தது. பின்னால் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் இரண்டு பேர் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். கடைசியில் திரையில் இது நின்றது:

'யார் நீ. என் கணக்கில் உனக்கு என்ன வேலை. இரண்டு நாட்களுக்குள் பதில் தரவும்.'

கடைசி வரியை எழுதியபோது அவருக்கே ஒரு கம்பீரம் வந்தது. அதிகாரிகள் எழுதுவதில் அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்தது அந்த ஒரு வரிதான்.

"அனுப்பு" என்றார். ஜெகதீசன் அனுப்பினான்.

பெஞ்சில் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது.

ஜெகதீசன் முதலில் திரும்பினான். சின்னையன் மெதுவாகத் திரும்பினார். சாராள் போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசையவில்லை. கண் மட்டும் இடமிருந்து வலமாக ஓடி நின்றது.

பிறகு அவள் தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"ரெண்டு நாளு இன்னாத்துக்குய்யா, இப்பவே சொல்லட்டா?"