பேட்டரியைக் கழட்டியவர்

"கேமரா பேட்டரியைக் கழட்டினியா? எதுக்கு?"

வர்ஜில் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"டிவி ரிமோட்ல பேட்டரி தீர்ந்துபோச்சு. மேட்ச் ஆரம்பிக்கிற நேரம். அவசரத்துக்கு அதைக் கழட்டிப் போட்டுட்டேன்" என்றார் டுவெய்ன். அவர் என் கணவர். சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருந்தது.

நாங்கள் நின்றது சாவுச் சடங்கு நடக்கும் கூடத்தில். பத்தடி தள்ளிப் பெட்டிக்குள் என் தங்கை ஜோலீன் படுத்திருந்தாள். ஐம்பத்தோரு வயசு. வர்ஜில் அவள் புருஷன்.

வழக்கம்போல வாசலில் போட்டோப் பலகை வைத்திருந்தோம். பள்ளிக்கூடத்தில் எடுத்தது, கல்யாணத்தில் எடுத்தது எல்லாம் இருந்தது. அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. முப்பது வயசுக்கு மேல் கேமராவைக் கண்டாலே கையால் முகத்தை மூடிக்கொள்வாள் ஜோலீன்.

பத்து நாளைக்கு முன்னால் டாக்டர் கையை விரித்ததும் வர்ஜில் நேரே கடைக்குப் போய், இருந்ததிலேயே மலிவான டிஜிட்டல் கேமரா ஒன்று வாங்கி வந்தான். தொண்ணூற்றொன்பது டாலர். ஃபிலிமைக் கழுவக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் காத்திருக்க வேண்டாம் என்றாராம் கடைக்காரர். ஒரு வாரம் அவர்களிடம் எங்கே இருந்தது?

"சரி, எடுத்துத் தொலை. உனக்கு அலுக்கிற வரைக்கும் எடு" என்று இந்த முறை முகத்தை மூடாமல் சிரித்தாளாம்.

மொத்தம் இருபத்து நாலு படம். அதற்குமேல் அதில் இடமில்லை. எடுத்ததைப் பார்க்கக் கேமராவில் திரையும் கிடையாது. கம்ப்யூட்டரில் மாட்டினால்தான் தெரியும். கம்ப்யூட்டர் எங்கள் வீட்டில்தான் இருந்தது. அதனால் அவள் கண்ணை மூடிய மறுநாள், கேமராவை டுவெய்னிடம் கொடுத்து அனுப்பினான் வர்ஜில். நான் அவனுக்குத் துணையாக அங்கேயே தங்கிவிட்டேன்.

பேட்டரியை எடுத்தால் உள்ளே இருக்கிற படமெல்லாம் அழிந்துவிடும். மலிவுக் கேமராவின் லட்சணம் அது. அட்டைப்பெட்டியிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"சொல்லித்தானே கொடுத்தேன், டுவெய்ன்? பேட்டரியைத் தொடாதேன்னு?"

"சொன்னே. மறந்துட்டேன்."

"ஒண்ணுகூட மிஞ்சலையா?"

"இல்லை."

வர்ஜில் டுவெய்ன் பக்கம் ஓரடி எடுத்து வைத்தான்.

"இருபத்தேழு வருஷமா பனி உறைஞ்ச ஏரியில உன் பக்கத்துல உட்கார்ந்து தூண்டில் போட்டிருக்கேன். எனக்கு எதுன்னாலும் நீ இருக்கேன்னு நினைச்சேன். என் பொண்டாட்டி முகத்தைவிட உனக்கு ஒரு மேட்ச் பெரிசாப் போச்சு. நீ பெட்டியைத் தூக்க வேண்டாம். இனிமே என் வீட்டுப் பக்கமும் வராதே."

பெட்டி தூக்கும் ஆறு பேரும் கோட்டில் வெள்ளைப் பூ குத்தியிருந்தார்கள். டுவெய்ன் தன் பூவைக் கழட்டி மேசைமேல் வைத்தார்.

நான் சும்மா இருப்பேனா? "செத்துக் கிடக்கிறது என் தங்கச்சி. நீயெல்லாம் ஒரு மனுஷனா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். அதற்கும் வாயைத் திறக்கவில்லை. கல்லு மாதிரி நிற்கிறாரே என்று எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

அடக்கம் முடிந்து சர்ச் கீழ்த்தளத்தில் சாப்பாடு. ஹாம் சாண்ட்விச்சும் உருளைக்கிழங்கு சாலடும் எடுத்துக்கொண்டு ஆளாளுக்கு உட்கார்ந்தார்கள். டுவெய்ன் இருந்த மேசைக்கு ஒருத்தரும் போகவில்லை. என் சித்தப்பா மகன் லாயல் மட்டும் போகிற போக்கில் நின்றான்.

"மேட்ச் என்னாச்சு, டுவெய்ன்? ஜெயிச்சாங்களா?"

"தோத்துட்டாங்க" என்றார் டுவெய்ன், தட்டைப் பார்த்துக்கொண்டே.

காரில் வரும்போதே, கொஞ்ச நாள் மகள் வீட்டில் போய் இருப்பது என்று முடிவு செய்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு ஈமெயில் அடிக்கலாம் என்று கம்ப்யூட்டரைப் போட்டேன்.

திரையில் 'ஜோலீன்' என்று பெயர் வைத்து ஒரு ஃபோல்டர் இருந்தது. திறந்தேன்.

இருபத்து நாலு படம். முதல் படம் கன்னங்கரேல் என்று இருந்தது. அடுத்ததும் அப்படியே. கடைசிவரை தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஒன்றிலும் என் தங்கை இல்லை.

"டுவெய்ன், என்ன இது?"

வாசற்படியில் வந்து நின்றார். டையைக்கூட அவிழ்க்கவில்லை.

"அவன் எடுத்த படம்தான். அந்தக் கேமராவுல ஃபிளாஷ் கிடையாது. வெளிச்சம் பட்டா ஜோலீனுக்குக் கண் வலிக்கும்னு ஜன்னலை எல்லாம் மூடி வச்சிருந்தானே, அந்த இருட்டுல எடுத்திருக்கான். மூணு நாளா வெளிச்சம் கூட்டிக் கூட்டிப் பார்த்துட்டேன். ஒரு மூக்குகூட தெரியலை."

"அப்போ பேட்டரி?"

"அப்புறம்தான் கழட்டினேன். அவன் வேற யார்கிட்டயாவது கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்துடக் கூடாது இல்லையா?"

எழுந்து போய் ரிசீவரை எடுத்தேன்.

"வர்ஜில்கிட்ட இப்பவே சொல்றேன். ஊரே உன்னைக் காறித் துப்புது. நானும் சேர்ந்து துப்பியிருக்கேன்."

டுவெய்ன் என் கையிலிருந்து ரிசீவரை வாங்கி வைத்தார்.

"சொல்லாதே. என்னாலதான் போச்சுன்னு நினைச்சான்னா, என்னைத் திட்டிக்கிட்டாவது நாளை ஓட்டிடுவான். தன் கையாலதான் போச்சுன்னு தெரிஞ்சா, அந்த வீட்டுல தனியா உட்கார்ந்துக்கிட்டு அவன் யாரைத் திட்டுவான்?"