ஒரு விரல் உயரம்

"கொத்தனாரே, இங்க வந்து பாருங்க. ட்ரே ஒரு விரல் மேல நிக்குது!"

வீட்டுக்கார அம்மாளின் குரலில் இருந்த கடுப்பைக் கேட்டு, வாளியில் கை கழுவிக்கொண்டிருந்த கொத்தனார் ஓடி வந்தார். குளியலறை மூலையில் கான்கிரீட் தரையைக் குடைந்து அவர்தான் சதுரமாக ஒரு குழி வெட்டியிருந்தார். ஷவருக்கு அடியில் நின்று குளிப்பதற்கான அகலமான தட்டு அந்த ட்ரே. அது குழிக்குள் இறங்கித் தரையோடு தரையாக உட்கார வேண்டும் என்பதுதான் பேச்சு. வைத்துப் பார்த்தால் விளிம்பு துருத்திக்கொண்டு நின்றது.

கொத்தனார் தலையைச் சொறிந்தார். "ட்ரேயோட கனத்துக்குச் சரியாத்தான் வெட்டினேம்மா. அடியில சாந்து போடறோம்ல, அந்தக் கனத்தைச் சேர்க்க விட்டுப்போச்சு."

"நல்லா இருக்கே! சமைக்கப் போனவ அடுப்பை மறந்த கதையா?"

"ஒரு விரல்தானேம்மா? ஓரத்துல சரிவாப் பூசி விட்டுடறேன். கண்ணுக்கே தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாட்டி என்ன, காலுக்குத் தெரியும். சாந்தைச் சுரண்டி எடுத்துட்டு இன்னும் ஆழமா வெட்டுங்க."

"அப்ப வடிகுழாயையும் இறக்கணும். மறுபடி உடைக்கணும், மறுபடி வீடெல்லாம் தூசி..."

"உடைங்க."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர்களிடம் யார் பேசி ஜெயிப்பது? கொத்தனார் ட்ரேயைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு மெஷினை எடுத்தார். வீடு அதிர்ந்தது. நாலு சில்லு பெயர்வதற்குள் அம்மாளின் மகன் வந்து குளியலறை வாசலில் நின்றான்.

அது அவன் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு. இந்தக் குளியலறைக்கு ஓடு தேர்ந்தெடுக்கவே கடை கடையாக ஏறி இறங்கியிருந்தான். குடிவந்த சூடு ஆறுவதற்குள், முட்டி மடங்கவில்லை, படி தாண்ட முடியவில்லை என்று அம்மா ஒற்றைக்காலில் நின்று அந்தத் தரையை உடைக்க வைத்துவிட்டாள். எந்தப் பிள்ளைக்குத்தான் வயிறு எரியாது?

"இன்னிக்கு முடிஞ்சிடும்னு சொன்னியேம்மா?"

"ஒரு விரல் உசந்து போச்சுடா. அதைச் சரி பண்ணிட்டா முடிஞ்சிடும்."

"ஒரு விரலா? ஒரு விரல் உயரத்தை உன்னால தாண்ட முடியாதா?"

"முடியாது."

"முட்டி வலிக்கு ஊர்ல எல்லாரும் தரையைத்தான் உடைக்கிறாங்களா? போன வாரம் அகலம் பத்தலைன்னு கதவைப் பெயர்த்தே. இப்ப இது. நான் கட்டினது வீடா, இல்ல உனக்கு ஆஸ்பத்திரியா?"

அம்மா குழியின் ஆழத்தை எட்டிப் பார்த்தாள். அவன் இப்படிப் பேசுகிறவனே அல்ல. அப்பாவின் முகம்கூட நினைவில் இல்லாத வயதிலிருந்து அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டே வளர்ந்தவன். இந்தக் குழி வெட்ட ஆரம்பித்ததிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. இன்னும் பிடிவாதம் பிடித்தால் அவனை இழந்தே விடுவோம் என்று அவளுக்குப் புரிந்தது. பயமாகவும் இருந்தது.

"கொத்தனாரே, போதும். அப்படியே பூசி முடிங்க" என்றான் மகன்.

"பூசாதீங்க. வெட்டுங்க" என்றாள் அம்மா.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று கொத்தனார் மெஷினைப் பிடித்தபடி விழித்தார்.

மகனுக்கு முகம் சிவந்துவிட்டது. "சரி, வெட்டிக்கோ. ஆசை தீர வெட்டிக்கோ. முடிஞ்ச மறுநாளே, தரையெல்லாம் மட்டமா இருக்கிற முதியோர் இல்லமாப் பார்த்து உன்னைச் சேர்த்துடறேன். இந்தக் குளியலறையில நீ ஒரு நாள்கூடக் குளிக்கப் போறதில்ல. பார்த்துக்கோ!"

"சேர்த்துடு. ஆனா தரை மட்டமாகணும்."

அவன் கதவைப் படாரென்று அறைந்துவிட்டு வெளியே போனான். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். தூசியைத் துடைத்தது போலத்தான் இருந்தது. ஆனால் துடைத்து முடிக்க வெகுநேரம் ஆனது.

கொத்தனாருக்கு மனசு கேட்கவில்லை. "நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்கம்மா. பெத்த பிள்ளையைவிடவா இந்த ஒரு விரல் பெரிசு? விட்டுக்குடுத்துட்டுப் போங்களேன்."

அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விறுவிறுவென்று வந்து குழிக்குள் இறங்கினாள். சட்டென்று குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உள்ளங்கையால் அடித்தரையைத் தடவி, "இந்த மூலையிலதான் மேடு அதிகம், இங்கிருந்து ஆரம்பிங்க" என்றாள். பிறகு எதையும் பிடிக்காமல் எழுந்து மேலே ஏறினாள்.

கொத்தனார் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். "முட்டி மடங்கலைன்னு சொன்னீங்களேம்மா?"

அம்மா ஜன்னல் பக்கம் கையை நீட்டினாள். வெளியே, வேகமாக நடந்துகொண்டிருந்த மகனின் இடது காலிலிருந்து செருப்பு நழுவிப் பாதையிலேயே கிடந்தது. அவன் அது தெரியாமல் வெறுங்காலோடு கேட்வரை போய்விட்டான். அங்கே நின்று குனிந்து காலைப் பார்த்தான். ஏதோ முணுமுணுத்துக்கொண்டே செருப்பை எடுக்கத் திரும்பி வந்தான்.

"எனக்கு முட்டியில ஒரு வலியும் இல்ல, கொத்தனாரே. இவன் அப்பாவுக்கும் கால் ரெண்டும் விழறதுக்கு முன்னாடி, முதல்ல இப்படித்தான் செருப்பு நழுவுச்சு" என்றாள் அம்மா. "மருந்தே இல்லாத பரம்பரை வியாதி அது. சக்கர நாற்காலிக்கு ஒரு விரலும் படிதான். நீங்க வெட்டுங்க, நடக்க முடியற வரைக்கும் அவன் என்னைத் திட்டிக்கிட்டே நடக்கட்டும்."