கழுத்துக் காய்ப்பு

சட்டையைக் கழற்றச் சொன்னார் வக்கீல்.

அவன் கழற்றினான். கூண்டுக்குள் அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"திரும்பி நில்லுப்பா. ஐயா பாக்கட்டும்."

திரும்பினான்.

பிடரிக்குக் கீழே, இரண்டு தோளுக்கும் நடுவில், புடைத்துக்கொண்டு இருந்தது காய்ப்பு. மீசை முளைக்கும் முன்பிருந்தே மூட்டை ஏறி இறங்கிய இடம். அவன் மகள் அதைத் திமில் என்பாள். தோளில் ஏறினால் அதைத்தான் பிடித்துக்கொள்வாள்.

நீதிபதி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

அவனுக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. இடது காலை ஊன்றினான். வலது காலை ஊன்றினான். பாரம் இல்லாமல் நின்று அவனுக்குப் பழக்கமில்லை.

குற்றம் அவன் செய்ததுதான். அதில் அவனுக்கே சந்தேகமில்லை.

போன பிறவியில் அவன் பஞ்சு மில் முதலாளி. பெயர் ராஜமாணிக்கம். ராத்திரி வேலைக்கு வந்த பெண்களை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனவன். பஞ்சில் தீப்பிடித்தது. ஒருத்தியும் வெளியே வரவில்லை. வழக்கு முடிவதற்குள் ராஜமாணிக்கம் மெத்தையில் படுத்தபடியே போய்ச் சேர்ந்துவிட்டான்.

போன பிறவியைக் காட்டும் ஜென்ம ஸ்கேன் வந்த பிறகு பழைய வழக்கெல்லாம் தூசி தட்டிக்கொண்டு எழுந்தது. வெங்காய மண்டிக்கே வண்டி வந்தது. முதுகில் இருந்த மூட்டையை இறக்கச் சொல்லி அவனைக் கூட்டிப்போனார்கள். தலையில் ஒரு தொப்பியை மாட்டினார்கள். கண்ணை மூடினான்.

மோதிரம் போட்ட கை ஒன்று சாவியைத் திருகியது.

அந்தக் கையின் அவசரம் அவனுக்குத் தெரிந்தது. வீட்டில் சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கிறது என்பதுகூடத் தெரிந்தது.

பதினான்கு வருடம் ஜெயில் என்றார்கள்.

ஒரு வழி இருந்தது. வக்கீல் தேடிக் கண்டுபிடித்த வழி.

இந்தப் பிறவியே தண்டனையாக அமைந்திருந்தால், தண்டனை கழிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அதைக் குற்றவாளி தன் வாயால் சொல்ல வேண்டும்.

இது தெரியாமல் அவனும் அவன் மனைவி செல்லத்தாயும் ஒரு காரியம் செய்துவிட்டார்கள். கோர்ட் என்றால் மரியாதைப்பட்ட இடம் என்று, இருப்பதில் நல்லதாக உடுத்திக்கொண்டு வந்துவிட்டார்கள். அவளுக்குத் தீபாவளிச் சேலை. பிள்ளைக்கு இரட்டைச் சடை, கனகாம்பரம். அவனுக்குத் தேய்த்த சட்டை.

வாசலில் பார்த்ததும் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, கல்யாணத்துக்கா வந்தீங்க? கிழிஞ்சது ஒண்ணும் இல்லையா வீட்ல?"

"கிழிஞ்சத கட்டிட்டு வந்தா மதிப்பாகளா சார்?" என்றாள் செல்லத்தாய்.

அதனால்தான் அந்தச் சட்டை இப்போது கக்கத்தில் இருந்தது.

வக்கீல் பேசினார். நல்ல பேச்சு.

குடியிருப்பது ஒற்றை அறை என்றார். மழை பெய்தால் குடும்பமே உட்கார்ந்து தூங்குகிறது என்றார். படிப்பறியாத மனைவி. பிறந்த ஒரு பெண்ணுக்கும் ஒரு கால் சூம்பல்.

"இதற்கு மேல் ஒரு சிறை வேண்டுமா, ஐயா?"

அவனுக்குக் காது சுட்டது.

ஒற்றை அறைதான். மழைக்கு உட்கார்ந்திருப்பதும் மெய்தான். அந்த நேரத்தில் செல்லத்தாய் நிலக்கடலை வறுப்பாள். மூன்று பேரும் தோலை ஊதி ஊதித் தின்பார்கள். பிள்ளை பேய்க்கதை கேட்கும். பாதியில் பயந்து அவன் மடிக்குள் புகுந்துகொள்ளும்.

அது வக்கீலுக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

எதிர்ப் பெஞ்சில் ஒரு கிழவி எழுந்தாள். மில்லில் வெந்துபோன ஒருத்தியின் மகள்.

"இருங்க சாமி. இவன் பாவம் பண்ணிட்டு மூட்ட தூக்குறான், சரி. எங்காத்தா என்ன பாவம் பண்ணிட்டு அந்த மில்லுக்கு வேலைக்குப் போனா? அதையும் அந்தத் தொப்பியப் போட்டுப் பாத்துச் சொல்லுங்க."

"உட்காரும்மா" என்றார்கள்.

அவள் உட்காரவில்லை. நின்றபடி அவனையே பார்த்தாள். திட்டுவாள் என்று இருந்தான். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

நீதிபதி அவன் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லுப்பா. இந்தப் பொறப்பு உனக்குத் தண்டனைதானா? ஆமான்னா வீட்டுக்குப் போகலாம். இல்லேன்னா உள்ள போகணும்."

அவன் செல்லத்தாயைப் பார்த்தான்.

அவள் வேகமாகத் தலையாட்டினாள். சொல்லித் தொலையேன் என்கிற ஆட்டம்.

பக்கத்தில் பிள்ளை. சட்டை இல்லாமல் நிற்கும் அப்பாவைப் பார்த்து அதற்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அவன் கக்கத்துச் சட்டையை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

"ஐயா, எம் பொண்டாட்டி புள்ளைய கொஞ்சம் வெளிய அனுப்புங்க. சொல்லிர்றேன்."

"முடியாதுப்பா. குடும்பத்த முன்னால வச்சுத்தான் சொல்லணும். சட்டம் அப்படி."

செல்லத்தாய்க்கும் அது கேட்டது.

பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்தாள். கனகாம்பரம் நசுங்க, அதன் இரண்டு காதையும் அழுத்திப் பொத்தினாள். பிள்ளை ஏதோ விளையாட்டென்று கெக்கலி கொட்டியது.

செல்லத்தாய் அவனைப் பார்த்தாள்.

ம், என்றாள்.

அவன் வாயைத் திறந்தான்.

அவள் காது திறந்தே இருந்தது. அவளுடைய இரண்டு கையும் பிள்ளையின் காதில் இருந்தன.