இரண்டாவது இழுப்பறை

விளக்கு எரியவில்லை. ஆர்லோ ஸ்விட்சை மூன்று தடவை தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

காலையிலிருந்து இதே வேலை. வண்டியின் முதுகில் ஏற்றிப்போகிற குட்டி வீடுதான் கேம்பர். நான்கு கால்களில் நின்ற அந்தப் பழைய கேம்பருக்கு அடியில் அவன் பிக்கப் வண்டியைப் பின்னோக்கி ஓட்ட, இரண்டு பக்கமும் விரலளவு இடைவெளிக்கு அவன் மனைவி மார்லிஸ் கைகாட்டினாள். பிறகு கால்களைச் சுருக்கி, கேம்பரை வண்டியின் முதுகில் உட்காரவைத்து, நான்கு மூலையிலும் சங்கிலி போட்டு முறுக்கிக் கட்டினார்கள். எஞ்சின் பக்கத்து பேட்டரியிலிருந்து ஒயரை இழுத்துவந்து பிளக்கில் சேர்த்தாயிற்று. பிளக் வரைக்கும் கரண்ட் வருகிறது. டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்தாயிற்று.

மடங்கியிருந்த கூரையை மேலே தூக்கி உள்ளே ஏறிப் பார்த்தால்தான் இருட்டு.

மார்லிஸின் கண் ஒயரில் இல்லை, ஜன்னல் திரையில் இருந்தது. மஞ்சள் துணி, ஓரமெல்லாம் சூரியகாந்திப் பூ. லவோன் தன் கையால் தைத்தது.

லவோனும் அவள் கணவன் கென்ட்டும் வைத்திருந்த கேம்பர் இது. கென்ட்டுக்கு முட்டிவலி, மேல்கட்டிலில் ஏற முடியவில்லை என்று விற்றுவிட்டார்கள். நேற்று டிரெய்லரில் ஏற்றி எடுத்துவரப் போனபோது அவன் ஊரில் இல்லை. வடக்கு டக்கோட்டா எண்ணெய்க் கிணற்றில் இரண்டு வாரம், வீட்டில் இரண்டு வாரம் என்று இருப்பவன். லவோன்தான் ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டு போட்டுக் கேக் சுட்டு வைத்துக் காத்திருந்தாள். வீட்டில் ருபார்ப்பை முகர்ந்துகூடப் பார்க்காத ஆர்லோ இரண்டு துண்டு தின்றான். அறுபது வயதிலும் இடுப்பு இடுப்பாக இருப்பவள் சுட்டால் புளிப்பும் இனிக்கும் போலிருக்கிறது.

முப்பத்தொரு வருடமாக, மலைப்பக்கம் போய் நாலு நாள் தங்கலாம் என்று மார்லிஸ் கேட்டுக்கொண்டிருந்தாள். தன் கட்டிலைத் தவிர வேறெங்கும் தூக்கம் வராது என்பான் ஆர்லோ. வருடா வருடம் அக்டோபரில் தனியாக மான் வேட்டைக்குப் போனால் மட்டும் நாலு இரவும் தூக்கம் வரும். போன அக்டோபரில் வெறுங்கையோடு திரும்பியும் முகம் வாடவில்லை.

இப்போது திடீரென்று, உனக்காகத்தான் என்று சொல்லி இதை வாங்கியிருக்கிறான். அதுவும் ஒரு வார்த்தை பேரம் பேசாமல். இந்தக் கிளெண்டைவ் ஊரில் பழைய சுத்தியலைக்கூட யாரும் சொன்ன விலைக்கு வாங்கமாட்டார்கள்.

அந்த 'உனக்காகத்தான்' என்பதை நம்பிவிட வேண்டும் என்றுதான் அவளுக்கு ஆசை. நம்பினால் சனிக்கிழமை இருவருமாக மலைக்குப் புறப்படலாம். நம்ப விடாமல் அந்த மஞ்சள் திரை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

இதற்குள் எத்தனை தடவை ஏறியிருக்கிறாய் என்று நேற்றே கேட்டுவிட்டாள். ஒரே தடவை, கென்ட்டோடு, பத்து நிமிடம் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னான்.

"டார்ச் எடுத்துட்டு வரட்டா?" என்றாள் இப்போது.

வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு ஆர்லோ அடுப்பு மேடைக்கு அடியில் குனிந்தான். இரண்டாவது இழுப்பறையை உருவித் தரையில் வைத்தான். அந்தப் பொந்துக்குள் தோள்வரை கையை விட்டு, மணிக்கட்டை இடப்பக்கம் திருப்பினான். முகம் இவள் பக்கம்தான் இருந்தது. சனிக்கிழமை மழை வருமா என்று பேசிக்கொண்டிருந்தான். உள்ளே டக்கென்று ஒரு சத்தம். விளக்கு எரிந்தது.

எப்படித் தெரியும் என்று கேட்டாள். எல்லா கேம்பரிலும் மெயின் ஸ்விட்சை அங்கேதான் வைப்பார்கள் என்று சொல்லிவிட்டு, தொங்குகிற ஒயரை அடிச்சட்டத்தோடு சேர்த்துக் கட்ட வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

அப்படித்தான் இருக்கும் என்று மார்லிஸ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். வெட்கமாகக்கூட இருந்தது. திரையைக் கழற்ற வேண்டாம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று அந்த நிமிடத்தில் முடிவு செய்தாள்.

அடுப்பு மேடைமேல் ஆர்லோவின் ஃபோன் அடித்தது. கென்ட்தான். ஆர்லோவின் கையெல்லாம் கிரீஸ். அவளே எடுத்தாள்.

கென்ட் சிரித்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டான். "அன்னிக்கு ஆர்லோவுக்கு ஒண்ணு காட்ட மறந்துட்டேன் மார்லிஸ். உள்ள ஒரு விளக்கும் எரியாது, தேடித் தேடி மண்டை காஞ்சிடும். பேரப்பசங்க பேட்டரியைத் தீர்த்துடுதுங்கன்னு, மெயின் ஸ்விட்சைக் கழட்டி ரெண்டாவது டிராயருக்குப் பின்னால, இடதுபக்கம் ஒளிச்சு வெச்சேன். போன செப்டம்பர்லதான். என்னையும் லவோனையும் தவிர ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது."

மார்லிஸ் எரிகிற விளக்கைப் பார்த்தாள். சரி, சொல்கிறேன் என்று ஃபோனை வைத்திருக்கலாம். ஆனால் தான் மட்டும் ஏன் தனியாக வயிறெரிய வேண்டும் என்று தோன்றியது.

"தேடவே இல்ல கென்ட். டார்ச்கூட வேணாம்னுட்டான்."

மறுமுனையில் சிரிப்பு நின்றது. கிணற்று இயந்திரத்தின் இரைச்சலை விட்டுத் தள்ளி நடக்கும் காலடிச் சத்தம் கேட்டது. பிறகு கென்ட் குரலைத் தாழ்த்தி, போன அக்டோபரில் ஆர்லோ எந்த வாரம் வேட்டைக்குப் போனான் என்று கேட்டான்.

மார்லிஸுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மான் இறைச்சி வரும் என்று ஃப்ரீசரைக் காலி செய்து, துடைத்து வைத்த வாரம் அது.