கயிறு பிடித்தவர்

“இப்பல்லாம் ஒருத்தன் செத்துட்டாப் போதும், பேனாவைத் தூக்கிட்டு வந்துருதானுவ. உயிரோட இருக்கும்போது ஒரு பயலாவது எழுதுனானா?”

கேட்டுவிட்டு பர்னபாஸ் சலூன் பெஞ்சில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார். எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறுகிறவர். ஆனாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் மில்லர்புரம் சலூனுக்கு வந்துவிடுவார். போன வருஷம் இறந்துபோன பழைய நடிகர் மதனரூபனின் வாழ்க்கைக் கதை வாரப் பத்திரிகையில் தொடராக வருகிறது. சலூன்காரர் மாடக்கண்ணு அதைச் சத்தமாக வாசிப்பார். பர்னபாஸ் மறுப்பார்.

ஒன்பது வாரமாக இதுதான் நடக்கிறது. மதனரூபன் குடிகாரர் என்று வந்தபோது, “இவன் ஊத்திக் குடுத்தானா?” என்றார். கஞ்சன் என்று வந்ததற்குப் பத்திரிகையைப் பிடுங்கி வெளியே எறிந்தார். மாடக்கண்ணு ஓடிப்போய் எடுத்து வந்தார்.

“அந்த ஆளு உங்களுக்கு என்ன மாமனா, மச்சானா? இப்படிப் பரிஞ்சு பேசுதீய?”

“நாயம்னு ஒண்ணு இருக்குல்லா.”

நாற்காலியில் முகம் முழுக்க சோப்பு நுரையோடு இருந்த இஞ்ஞாசிக்குச் சிரிப்பு வந்தது. சங்கு குளிக்கிறவன். அடுத்த வாரம் கல்யாணம். இனி கடலுக்குள் நிம்மதியாக இறங்கலாம், பெண்ணின் அண்ணன் கயிறு பிடிப்பான் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அந்தக் கரையில் அதுதான் வழக்கம். முங்குகிறவனை மேலே இழுக்கும் கயிற்றைப் பெண்டாட்டியின் அண்ணன் தம்பிதான் பிடிக்க வேண்டும். தன் தங்கச்சி தாலியறுக்க எவனும் கயிற்றைக் கோட்டை விடமாட்டான்.

“நீங்க எத்தனை பேருக்கு அண்ணாச்சி கயிறு பிடிச்சீய?” என்றார் மாடக்கண்ணு.

“ஒருத்தனுக்குத்தான். எங்க தங்கச்சி கிளாடிஸ் வீட்டுக்காரனுக்கு. அவன் கொழும்புக்குக் கப்பலேறுன அன்னைக்கே நானும் கயித்தை விட்டுட்டேன்.”

அந்தக் கொழும்புக்காரன் திரும்பவே இல்லை என்பது மில்லர்புரத்துக்கே தெரியும். அண்ணனும் தங்கையும் புன்னைக்காயலை விட்டு இங்கே குடிவந்து முப்பது வருஷம் ஆகிறது.

அப்போதுதான் தோல் பையும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒருத்தர் உள்ளே வந்தார். பெயர் செல்வதுரை, பத்திரிகையில் அந்தத் தொடரை எழுதுவது தான்தான் என்றார். பழைய முத்துக்குளி ஆள் ஒருவர் இங்கே வருவார் என்று கேள்விப்பட்டாராம். சொந்த ஊர் நாசரேத். கடலைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி.

மதனரூபன் சினிமாவுக்குப் போகும் முன் வேறு பெயரில் புன்னைக்காயலில் முத்துக் குளித்திருக்கிறார், அங்கே ஒருத்தியைக் கட்டி, ஆறாம் மாசமே விட்டுவிட்டு ஓடியிருக்கிறார் என்றார் செல்வதுரை. கடைசி அத்தியாயமே அதுதான். அந்தப் பெண்ணின் பெயர் மட்டும் கிடைத்தால் போதும். புன்னைக்காயலில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

“பொய்” என்றார் பர்னபாஸ்.

“பெரியவருக்கு அவரைத் தெரியுமா?”

“ஒரு பொம்பளை பேரைப் பத்திரிகையில போட்டு ஊரு சிரிக்கணும், அதான உமக்கு வேணும்? அவன் கட்டவும் இல்ல, விடவும் இல்ல. போயிட்டு வாரும்.”

செல்வதுரை கோபப்படவில்லை. பையிலிருந்து ஒரு பழைய போட்டோவை எடுத்தார். தோணி விளிம்பில் குதிக்கத் தயாராக ஓர் இளைஞன். பின்னால் கயிற்றோடு இன்னொருவன். போட்டோவுக்குக் கீழே போட எழுதி வைத்திருந்ததை வாசித்தும் காட்டினார்.

“பெயர் தெரியாத கூலியாள் கயிறு பிடிக்க, கடலில் குதிக்கிறார் மதனரூபன்.”

பர்னபாஸ் போட்டோவைப் பிடுங்கினார்.

“கூலியாளா? ஏலே, கூலிக்கு எவம்லே கயிறு பிடிப்பான்? அது நான்லே.”

மாடக்கண்ணுவின் கத்தி இஞ்ஞாசியின் கன்னத்தில் அப்படியே நின்றது.

செல்வதுரைக்கு ஒரே சந்தோஷம். ‘கயிறு பிடித்தவர் பர்னபாஸ்’ என்று குறித்துக்கொண்டார். பிறகு மாடக்கண்ணுவிடம் கேட்டார், “அந்தச் சம்சாரம் யாருன்னு உங்களுக்காவது தெரியுமா?”

மாடக்கண்ணு கத்தியைத் துடைத்தார்.

“சம்சாரமா? அவருக்குக் கல்யாணமே ஆகலையே சார்.”

“ஆமா, ஆகல” என்றான் நுரைக்குள்ளிருந்து இஞ்ஞாசி.

செல்வதுரை உதட்டைப் பிதுக்கிவிட்டுக் கிளம்பினார். அவர் தெருவைத் தாண்டியதும் மாடக்கண்ணு கேட்டார்.

“தங்கச்சியை விட்டுட்டு ஓடுனவனுக்கா அண்ணாச்சி ஒம்பது வாரமாப் பரிஞ்சு பேசுனீய?”

“ஓடுனான், அது நிசம். குடிச்சான்னு எழுதுதான், அது பொய்லா.” பர்னபாஸ் துண்டை உதறித் தோளில் போட்டார். “நீங்க ரெண்டு பேரும் இனி வாயை மூடிக்கிட்டு இருப்பீயங்கிறதையும் நான் நம்பல” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.