பெரிய சக்கரமே போடுங்க

“டயர் எடுக்கிறது செருப்பு எடுக்கிற மாதிரின்னு நெனச்சியா? சும்மா இரு. இது இன்ஜின் வேகத்தை ஏத்துற சூப்பர்சார்ஜர் வெச்ச கார். சிக்னல்ல பச்சை விழுந்தா அம்பா பாயும்!” என்று டயர் கடையே அதிரச் சொன்னான் கணவன்.

“பாயும், பாயும். போன வாரம் நான் பின்சீட்டுல போய் விழாததுதான் பாக்கி” என்றாள் மனைவி. “அதோ, அந்தப் பெரிய சக்கரத்தைப் போடுங்களேன். வண்டி சிங்கம் மாதிரி நிக்கும்.”

கணவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

“அட, உனக்குக்கூட ரசனை இருக்கே! அதையே மாட்டுங்க” என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, வண்டியைப் படம் எடுக்க வெளியே போனான்.

கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை.

“அம்மா, மாட்டலாம், எங்கேயும் இடிக்காது. ஆனா சக்கரம் உயரமானா வண்டி மெதுவாத்தான் கிளம்பும். சூப்பர்சார்ஜர் குடுக்கிற பாய்ச்சலை டயரே தின்னுடும். சார்கிட்ட சொல்லிடறேன்.”

“ஐயோ, கெடுத்துடாதீங்கண்ணே! நாலு கடையில விசாரிச்சுட்டுத்தான் இந்த சைஸுக்கு வந்தேன். சூப்பர்சார்ஜரைக் கழட்டச் சொன்னதுக்கு ஒரு மாசம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டார். சக்கரத்தைப் பெரிசாக்கினா, ‘என் பொண்டாட்டி மாதிரி வருமா’ன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டே மெதுவாப் போவார்!”