முப்பதாவது கப்

“இருபத்தொன்பதுதான், டீச்சர். ஒரு கப் இன்னும் ஆணியிலயே தொங்குது.”

அலுவலக அறைக்கு வெளியே நின்றபடி சமையல்காரம்மா சொன்னதும் டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்தார். ஓய்வு பெற்ற கையோடு இந்தத் தொடக்கப் பள்ளியில் அவர் ஆரம்பித்த காலைச் சாப்பாட்டுக்கு இன்று வாழ்வா சாவா என்ற நாள்.

கல்வி அலுவலகத்து அதிகாரி வந்து கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். எட்டு மணி அடிக்கும்போது முப்பது பிள்ளைகள் உட்கார்ந்திருந்தால் பாலும் ரொட்டியும் தொடரும், ஒரு தலை குறைந்தாலும் அடுத்த மாதம் நின்றுவிடும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். நேற்றுவரை ஒரு நாளும் முப்பதுக்குக் குறைந்ததில்லை.

“தினமும் வர்ற பிள்ளை ஒண்ணைக் காணோம். அது யாருன்னா...”

டீச்சர் கையை உயர்த்தித் தடுத்தார். “யாருன்னு என்கிட்ட சொல்லக் கூடாது. தெரியாதா உங்களுக்கு?”

அது அவரே போட்ட சட்டம். பெயர் எழுதுவதில்லை, கப்பைத்தான் எண்ணுவது. பிள்ளைகள் பின்வாசல் வழியாக வந்து ஆளுக்கொரு கப் எடுத்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் டீச்சர் கூடத்தை எட்டிக்கூடப் பார்க்கமாட்டார். கொடுத்தவர் கண்ணெதிரே வாங்கித் தின்ற பிள்ளை வளர்ந்த பிறகும் தலை நிமிராது என்பார்.

சமையல்காரம்மா மறுபடியும் பின்வாசலுக்கு ஓடினார். மணி ஏழு ஐம்பது.

அறைக்குள், பீரோவுக்குப் பின்னால் கிடந்த ஸ்டூலில் டீச்சரின் அண்ணன் மகள் கால் ஆட்டிக்கொண்டிருந்தாள். இதே பள்ளியில் இரண்டாம் வகுப்பு. அண்ணிக்குக் காய்ச்சல் என்று போன் வரவே, இன்றுதான் முதல் தடவையாக டீச்சரே அண்ணன் வீட்டுக்குப் போய் அவளைக் கையோடு கூட்டி வந்திருந்தார்.

ஏழு மணிக்கே அண்ணன் வீட்டு அடுப்பங்கரை துடைத்துவிட்டாற்போல் இருந்தது. பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்தாயிற்று. பாப்பா சாப்பிட்டாச்சு என்று, கேட்பதற்கு முன்பே அண்ணி சொன்னாள். காய்ச்சலிலும் என்ன சுறுசுறுப்பு என்று டீச்சர் மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தபடி அறை வாசலுக்கு வந்தார். ஒருவேளை கடைசிப் பிள்ளை தூங்கிவிட்டதோ என்றார். கொஞ்சம் பொறுக்கலாமே என்று டீச்சர் கேட்டதற்குச் சிரித்தார்.

“இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையா இருக்கணும். உங்க வயசுக்கு நீங்க போய் உக்காந்தா நான் எண்ணமாட்டேன், டீச்சர்.”

அவர் போன பிறகு டீச்சரின் பார்வை ஸ்டூலுக்குப் போனது. போன வேகத்தில் திரும்பியது.

நம் குடும்பமா? பட்டினியாக விருந்துக்குப் போனாலும், இப்போதுதான் சாப்பிட்டேன் என்று ஏப்பம் விட்டுக் காட்டியவர் அப்பா. கொடுத்துப் பழகிய கையே தவிர, நீட்டிப் பழகிய கை அந்த வீட்டில் இல்லை. அண்ணனும் அப்பாவை உரித்து வைத்த பிள்ளை.

மணி ஏழு ஐம்பத்தாறு. இருபத்தொன்பது பிள்ளைகள் அடுத்த மாதம் எங்கே போகும்?

டீச்சர் ஸ்டூலுக்கு முன் குனிந்தார். முதுகெலும்பு வலித்ததைவிட மனசு அதிகம் வலித்தது.

“கண்ணு, இன்னைக்கு ஒரே ஒரு நாள். உள்ள போய் அந்தக் கப்பை எடுத்துட்டு உக்காரு. பசி இல்லைன்னா ஒரு வாய் வெச்சா போதும்.”

அவள் அத்தையையே பார்த்தாள்.

“அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதே. தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவார்.”

“சொல்லமாட்டேன், அத்தை.”

தான் போட்ட சட்டத்தைத் தானே மீறி டீச்சர் கூடத்து வாசல் வரை வந்தார். பிள்ளை கையை விடுவித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். அவள் கப்பில் பால் ஊற்றிக்கொண்டு ஜன்னலோரப் பெஞ்சில் உட்காரவும் மணி அடித்தது. அதிகாரி முப்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, சொன்ன சொல் தவறாதவராகக் கிளம்பிப் போனார்.

பின்வாசலில் இருந்து மூச்சு வாங்க வந்த சமையல்காரம்மா, ஜன்னலோரப் பெஞ்சைப் பார்த்து அப்படியே நின்றார். டீச்சர் கழுத்தை நிமிர்த்திக்கொண்டார்.

“என் அண்ணன் மகள். வீட்டுல நல்லா சாப்பிட்டுட்டு வந்தவதான். இன்னைக்கு மட்டும் விருந்தாளி.”

சமையல்காரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இவ்வளவு நேரமா நான் தேடினது இந்தப் பாப்பாவைத்தான், டீச்சர்.”